டைம் கீப்பர் போட்ட சாப்பாட்டு ரூட்

அவரிடம் போய் நல்ல ஹோட்டல் எது என்று கேட்டால் பதில் வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வரும் பஸ்ஸைப் பார்ப்பார். விடாமல் இரண்டாவது முறை கேட்டால், "ஓட்டல் நல்லாத்தான் கீது. நீ எப்போ போறே, அத்த சொல்லு" என்பார்.

தியாகராய நகர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர் அவர். எழுபதுகளின் ஆரம்பம். தகரக் கூரை போட்ட ஒரு கூண்டு, உள்ளே ஒரு சுவர்க் கடிகாரம், சாய்வு மேஜை, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக எழுதும் பென்சில். இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். அவர் எழுதுகிற நிமிஷத்தில்தான் பஸ் வந்தது, அவர் எழுதுகிற நிமிஷத்தில்தான் பஸ் போனது. தாமதமாக வந்த டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "பார்க்காண்ட மாடு குறுக்க படுத்துக்கினு இருந்துச்சுண்ணே" என்பார். "மாட்டுக்கு டைம் கெடையாது, ஒனக்குக் கீது" என்று சொல்லிக்கொண்டே சிவப்பு முனையைத் திருப்புவார் இவர். 'பரவாயில்லை' என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. என்றைக்காவது சொல்லுவார் என்று கண்டக்டர்களுக்குள் ஒரு பந்தயமே ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட கண்டிப்புக்காரரைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்றால் நம்ப முடியுமா? வந்தார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ மதராசில் தங்குகிறவர்களுக்கு அவர் ரூட் போட்டுக் கொடுப்பார். கோயில் ரூட், சமாதி ரூட் எல்லாம் இல்லை. சாப்பாட்டு ரூட். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பஸ் நேரத்தை நீலத்திலும் தின்கிற நேரத்தைச் சிவப்பிலும் எழுதுவார். மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் காலை ஆறு இருபதுக்கு இட்லி என்று எழுதினால் ஆறு இருபதுதான். "ஆறு மணிக்குப் போனா மொத ஈடு. அது அடுப்பு சூடாவறதுக்குள்ள வெந்தது. ரெண்டாவது ஈடுதான் இட்லி" என்பார். ராயப்பேட்டை மார்க்கெட் முனையில் மூன்றேகாலுக்கு மசால் வடை. மேற்கு மாம்பலத்தில் ரயிலிலிருந்து ஜனம் இறங்கும் முன்னால் ஒரு பஜ்ஜி. எந்தக் கடையில் எந்த நேரத்தில் எண்ணெய் மாற்றுகிறார்கள் என்பதுவரை அவர் தலைக்குள் இருந்தது.

எனக்கு அவரைத் தெரிந்தது அப்பா மூலம். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். கல்யாண ஜவுளி எடுக்க வருகிற ஊர்க்காரர்கள் "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டால் அப்பா அவர்களை என் தலையில் கட்டுவார். நான் தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. அவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூண்டுக்குப் போய் நிற்பேன்.

ஒரு தடவை விருதுநகரிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து மாமியார்க்காரியே பேசினாள். டைம் கீப்பர் அவளைப் பேசவிட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். அதுதான் அவருடைய வழக்கம். தலைக்குத் தலை கேட்காமல் பென்சிலை எடுக்க மாட்டார். கடைசியில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த புது மருமகளிடம் வந்தார்.

"ஒனக்கு இன்னாம்மா புடிக்கும்?"

"எனக்கு எதுன்னாலும் சரி."

"எதுன்னாலும் சரின்னு ஒரு ஐட்டம் இந்த மெட்ராஸ்ல எந்தக் கடையிலயும் போடல தாயி. பேரச் சொல்லு."

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டைம் கீப்பர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு மசால் தோசை" என்றாள் கடைசியில். "முழுசா. யாருக்கும் பங்கு வைக்காம." மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இவர் சிவப்பில் எழுதினார்: 'நாலு மணி. மசால் தோசை, முழுசு, மருமகளுக்கு.' எழுதியதற்கு அடியில் ஒரு கோடு வேறு.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரை அவருடைய மகன் கூட்டி வந்து, "அப்பாவுக்கு இனிப்பு இல்லாம ஒரு ரூட் போடுங்க" என்றான். இவர் மகனை விட்டுவிட்டு அப்பாவைக் கேட்டார். அவர் ஜாங்கிரி என்றார். 'ஜாங்கிரி, பாதி. மீதி மகன் தின்ன வேண்டியது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மகன் சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டுப் போனான். கோபம் நியாயம்தான் என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது. ஆனால் அந்தப் பெரியவர் குனிந்து அந்தச் சீட்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன்.

தப்பும் செய்திருக்கிறார். ஒரு குடும்பத்தை அடையாறுக்கு அடை சாப்பிட அனுப்பிவிட்டார். அன்றைக்குக் கடைக்கு வார விடுமுறை. விஷயம் தெரிந்ததும் மறுநாள் லீவு போட்டுவிட்டு, அந்தக் குடும்பம் தங்கியிருந்த லாட்ஜைத் தேடிப் பிடித்து, தன் வீட்டில் சுட்ட அடையைத் தூக்குச் சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தார். "வூட்டு அடை. கடை மாரி வராது. ஆனா நா எய்தினேன்ல" என்றாராம்.

இந்த மனிதரிடம்தான் நான் என் அக்கா வாழ்க்கையைக் கொண்டுபோய் வைத்தேன்.

அக்காவை பெங்களூரில் கொடுத்திருந்தது. அத்தானுக்கு ஒரு தொழிற்சாலையில் ஆபீஸ் உத்தியோகம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஏன் என்று சொல்லவில்லை. சண்டையா என்றால் இல்லை என்றாள். அப்பா தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார். அத்தான் பீர் குடிப்பார் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "குடிகாரப் பயகிட்ட எம் பிள்ளைய இனி அனுப்ப மாட்டேன். அவன் இந்த வாசப்படிய மிதிக்கப்பிடாது" என்று முடிவு கட்டிவிட்டார். அக்கா அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் போயிற்று. அத்தானிடமிருந்து என் ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆபீஸ் வேலையாக மதராசுக்கு வருவதாகவும், ஞாயிற்றுக்கிழமை முழுதும் சும்மாதான் இருப்பதாகவும், அக்காவை வெளியே எங்கேயாவது பார்த்துப் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'இந்தத் தடவையும் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் என்ன செய்ய?' ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது எங்களுக்கு.

அந்த இரண்டு மூன்று வருஷம் ஊரில் மதுவிலக்கை நீக்கி, கடைகளில் பீர் விற்ற காலம். என் மண்டையில் ஒரு யோசனை ஓடியது. அத்தானுக்கு நல்ல சாப்பாடாக வாங்கிக் கொடுத்து, நடுவில் ஒரு பீரும் உள்ளே போய்விட்டால் ஆள் இளகிவிடுவார். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும். என் வயதுக்கு அது பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது. நேரே கூண்டுக்குப் போனேன். முழுக் கதையையும் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னா புடிக்கும்?"

"காரம்ண்ணே. அப்புறம் பீர்."

"சரி. ஒங்க அக்காவுக்கு?"

"அவளுக்கு எதுன்னாலும் சரி."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. அவர் பென்சிலை மேஜைமேல் வைத்தார். அன்றைக்கு மட்டும் திட்டியிருந்தால் தேவலை. "கூடவே பொறந்தவன் நீ. கேட்டுக்கினு வா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒனக்குத் திங்க, குடிக்க என்ன பிடிக்கும்?"

"இது என்னடே புதுசா? எதுன்னாலும் சரி."

"அப்படி ஒரு ஐட்டம் மெட்ராஸ்ல எந்தக் கடையிலயும் போடலயாம். பேரச் சொல்லணுமாம்."

மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. ஈர வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். அந்த வேட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்.

"பீர்."

நான் வேட்டியை விலக்கி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவுகதான் ஒரு நாள் ராத்திரி சும்மா ருசி பாருன்னு கொஞ்சம் ஊத்திக் கொடுத்தாக. மொத வாய் கசந்துச்சு. மூணாவது வாய்ல நம்ம வீட்டுப் பழையசோத்து நீத்தண்ணி புளிச்சா இருக்குமே, அந்த மாதிரி இருந்துச்சு. பிடிச்சுப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டாளிக ரெண்டு பேர் வந்தாக. நான் வேர்க்கடலை வறுத்துக் கொண்டுபோய் வச்சிட்டு, எனக்கு ஒரு தம்ளர்னு கேட்டேன். அவுக ரெண்டு பேரும் சிரிச்சாக. இவுகளுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எம் மானத்த வாங்கிட்டேன்னு ஒத்த வார்த்தை சொன்னதுதான், அப்புறம் ஒம்பது நாள் பேசல. அவுக குடிச்சதுக்கு நான் வரலடே. நான் கேட்டதுக்கு அவுக பேசல. அதுக்குத்தான் வந்தேன்."

உண்மையைச் சொல்கிறேன். கேட்டதும் எனக்கும் அத்தான் மாதிரியேதான் முகம் சுருங்கியது. அவளுக்காகப் பரிந்து பேசப் போனவன், மாடிப்படி இறங்கும்போது அவள்மேலேயே எரிச்சலோடு இறங்கினேன். இரண்டு நாள் அந்தக் கூண்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போய், "ரோஸ் மில்க்குண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ரோஸ் மில்க்குன்னு சொல்றதுக்கு மூணு நாளா நைனா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சிவப்பு முனையை நக்கினார்.

"எத்தினி கிளாஸ் தாங்கும் அதுக்கு?"

எனக்கு அப்போது வந்ததே ஒரு நிம்மதி, அதை எப்படிச் சொல்வது! இந்த ஊரில் ஒருத்தராவது என் அக்காவை முறைக்காமல் கேள்வி கேட்டாரே. அழுதுவிடுவேனோ என்று பயந்து வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடைக்கு இட்டுனு போவ முடியாது. அங்க பொம்பளய கண்டா ஜூவுல புலியப் பாக்கற மாரி பாப்பானுங்க" என்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்தில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலைந்து பேருக்குச் சாப்பாடு போடுவாளாம். மஞ்சள் சோறு, உருண்டைக் குழம்பு. கூடவே இஞ்சி, எலுமிச்சை, உலர்திராட்சை, ஈஸ்ட் எல்லாம் போட்டு அவளே பீங்கான் ஜாடியில் புளிக்க வைத்த ஜிஞ்சர் பீர். "கடை பீரு எங்கேந்தோ லாரில வருது. இது ராயப்பேட்டைலயே பொறந்தது. போதை ஏறாது, ஆனா கோவம் எறங்கும். அந்த வூட்ல ஒரு பயக்கம் கீது, அத்த நீ நேர்ல பாரு" என்றார். என்ன பழக்கம் என்று சொல்லவில்லை.

இரண்டு சீட்டு எழுதினார். அத்தானுடைய சீட்டில் எட்டு நாற்பதுக்கு மயிலாப்பூரில் மிளகு தூக்கலான பொங்கல், வடை. பத்து மணிக்கு மேல் காப்பி கிடையாது. லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டைக்கு நடை. 'வழியில் தண்ணீர் குடிக்கக் கூடாது' என்பதற்கு அடியில் கோடு. அக்கா சீட்டில் ஒரே ஒரு வரிதான்: 'பன்னிரண்டு பத்து. ராயப்பேட்டை. பீர்.' இருவருக்கும் சேர்த்து மூன்றரைக்கு அடையாறு பஸ், கடற்கரையில் சுண்டல்.

அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அக்காவை பஸ்ஸில் அனுப்பினேன். நான் அத்தானோடு வெயிலில் நடந்தேன். பொங்கல் மிளகும் உச்சி வெயிலும் சேர்ந்து, அந்தச் சந்துக்குள் நுழையும்போது அத்தானுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே மேஜையில் அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பூப்போட்ட கவுன் அணிந்த அந்த அம்மாள் பாட்டிலின் தக்கையை எடுத்தாள். புஸ்ஸென்று நுரைத்தது. அத்தான் தம்ளரை நீட்டினார். அவள் அதைத் தாண்டிப் போய் அக்காவின் தம்ளரில் ஊற்றினாள்.

"அவளுக்கு வேண்டாம்மா" என்றார் அத்தான்.

"உன்னை யார் மேன் கேட்டது? என் ஹவுஸ்ல லேடீஸ்தான் ஃபர்ஸ்ட் குடிச்சுப் பாக்கும். அது நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் ஆம்பிளைங்களுக்கு. இல்லேன்னா ஜாடியோட கொட்டிடுவேன். குடி சைல்ட்."

அக்கா குடித்தாள். அவசரப்படவில்லை. நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் காய்ந்த தொண்டையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு வருஷம். அவள் நல்லா இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனாலும் போயிருப்பாள். அதற்கு அவளுக்கு உரிமையும் இருந்தது.

"இனிப்புத் தூக்கலா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் புளிச்சிருக்கலாம்" என்றாள்.

அந்த அம்மாள் மேஜையைத் தட்டினாள். "கரெக்ட்! நான் சீக்கிரம் ஓப்பன் பண்ணிட்டேன். உன் ஒய்ஃபுக்கு நல்ல நாக்கு மேன்!" என்று சொல்லி அத்தானுக்கும் எனக்கும் ஊற்றினாள்.

அத்தான் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தார். வெகு நேரம் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். உருண்டைக் குழம்பு வந்தது, சோறு வந்தது. அவர் கை வைக்கவில்லை. பிறகு பாட்டிலைத் தானே எடுத்தார். என்னைப் பார்க்காமல், அந்த அம்மாளைப் பார்க்காமல், அக்காவிடம் கேட்டார்.

"ஒனக்கு... இன்னொரு தம்ளர் ஊத்தட்டா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊத்துங்க" என்றாள்.

நான் என் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டேன். நாலரை மணி வரைக்கும் அவர்கள் வெளியே வரவில்லை.

மறுநாள் போய்ச் சொன்னபோது டைம் கீப்பருக்குக் கோபம். "அடையாறு பஸ்ஸ உட்டுட்டாங்களா? அப்போ சுண்டலு?" என்று சிவப்பு முனையைத் திருப்பினார்.

அடுத்த வாரம் அக்கா தானாகவே அப்பாவிடம் பேசினாள். பீர் பேச்சை எடுக்காமல், "அவுக கேட்டுட்டாக, நான் போறேன்" என்று மட்டும் சொன்னாள். என்ன கேட்டார் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அத்தான் வந்து அழைத்துப் போனார். சென்ட்ரலில் ரயில் கிளம்பும் நேரத்தில் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்க. பாவம், அவளுக்கு எதுன்னாலும் சரி" என்றார்.

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல மாமா. நான் கேட்டுக்கிடுதேன்" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அப்பா நினைத்தார். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்பா கம்பியை விடவே மாட்டேன் என்கிறார். ரயில் கார்டு பச்சைக் கொடியை அசைக்காமல் நின்று பார்த்தார்.

அங்கிருந்து நேரே தி. நகருக்கு பஸ் ஏறினேன். கூண்டு ஜன்னலில் தலையை நீட்டி ஒன்றுவிடாமல் சொன்னேன். டைம் கீப்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிதாக ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"ரயிலு கரெக்ட் டைமுக்கு எட்தானா?"

"இல்லண்ணே. அப்பா கம்பியை விடல. ரெண்டு நிமிஷம் லேட்டு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்பு நீலப் பென்சிலை எடுத்தார். பிறகு அதைக் காதில் செருகிக்கொண்டார்.

"பரவால்ல நைனா" என்றார்.